எலியின் உள்ளங்கால்

மேடத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் போன் போட்டு, "எங்க எலிக்கெல்லாம் பேரு வச்சா கூப்பிட்டோம் சார்? எனக்கு மட்டும் எதுக்கு?" என்று கேட்பார். கணவர் பட்டாளத்திலிருந்து திரும்பிக் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்ததும் அவரும் குடும்பத்தோடு அங்கே போய்விட்டார். சில வருடங்கள் ஆகின்றன. இங்கே இருந்தவரை வாரம் தவறாமல் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது திட்ட ஆள் இல்லாதது ஒரு குறையாகத்தான் இருக்கிறது.

நான் கால்நடை மருத்துவன். ராஜபாளையத்தில் சொந்த கிளினிக். நாய்க்காரர்கள் அதிகம், அவர்களுடைய பெருமை அதைவிட அதிகம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே ஒரு பார்மசி கல்லூரி இருக்கிறது. அங்கே பரிசோதனைக்கு எலி வளர்க்கிறார்கள். எலிகள் ஒழுங்காக நடத்தப்படுகின்றனவா என்று வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பதும், புதிய பரிசோதனைகளுக்கு அனுமதி கொடுக்கும் கமிட்டியில் உட்காருவதும் எனக்கு உபரி வேலை. எலிகள் மேல் எனக்குப் பிரியமெல்லாம் கிடையாது. போனோமா, கையெழுத்துப் போட்டோமா என்று வந்துவிடலாம் என்றுதான் ஒப்புக்கொண்டேன். அங்கே மருந்தியல் பாடம் எடுத்துக்கொண்டு, நாற்பது வயதில் முனைவர் பட்டத்துக்கும் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மேடம் அதற்கு விடவில்லை.

அவருடைய ஆராய்ச்சி வலியைப் பற்றியது. எலிக்கு எவ்வளவு சூடு வலிக்கும், எவ்வளவு குளிர் வலிக்கும் என்று அளக்க வேண்டும். அடுப்பு உயரத்தில் ஒரு பெட்டி. அதன் மேல் வழவழப்பான உலோகத் தட்டு. சுற்றிலும் எலி வெளியே ஓடாதபடி அகலமான கண்ணாடிக் குழாய். எலியைத் தட்டில் விட்டதும் காலால் ஒரு பெடலை மிதிப்பார், கடிகாரம் ஓடத் தொடங்கும். சூடு உறைத்ததும் எலி பின்னங்காலை உதறும், அல்லது தூக்கி நக்கும். அந்த நொடியில் மறுபடி மிதி, எலி கைக்கு வந்துவிடும். எத்தனை விநாடி தாங்கியது என்பதுதான் கணக்கு. குளிருக்கும் இதேபோல் ஒரு தட்டு, ஐஸ் தண்ணீர் போலச் சில்லென்று இருக்கும்.

இதில் மேடத்தின் விசேஷம் ஒன்று உண்டு. எலி காலை நக்குவதற்கும் மேடத்தின் கை உள்ளே போவதற்கும் இடையில் நேரமே இருக்காது. மாணவர்கள் செய்யும்போது ஒருவேளை சரியாகப் பார்க்கவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் காத்திருப்பார்கள். எலி துள்ளும். உடனே பின்னாலிருந்து குரல் வரும்.

"துள்ளுற வரைக்கும் பாத்துக்கிட்டு நிக்க இது என்ன மாட்டுவண்டிப் பந்தயமா? அது காலத் தூக்கிச் சொல்லிருச்சுல்ல. சொன்ன பொறவு எதுக்கு நிக்கணும்?"

வலியை வாயை வைத்துப் பார்க்கவே கூடாது என்பது அவருடைய கட்சி. வாய் கடைசியில்தான் ஒத்துக்கொள்ளும், கையும் காலும் முன்னாலேயே சொல்லிவிடும் என்பார். இதை எலியோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. மனிதர்களையும் அப்படித்தான் பார்த்தார்.

ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் வத்திராயிருப்பு பஸ்ஸுக்காக நின்றிருந்தார். அவர் வீடு அங்கே. நானும் டீ குடிக்க நின்றேன். எதிரே ஒருவர் டம்ளரை வலது கையிலிருந்து இடது கைக்கும், இடது கையிலிருந்து வலது கைக்கும் மாற்றிக்கொண்டே இருந்தார்.

"அந்தா, நீலச் சட்டை அண்ணாச்சி. கை சுடுது அவருக்கு. ஆனா பாருங்க, டீக்கடைக்காரர்ட்ட சூடு பத்தலன்னு சொல்லப்போறாரு," என்றார் மேடம்.

நீலச் சட்டைக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னப்பா, ஆறிப்போயில்ல கெடக்கு," என்றார். எனக்குப் புரையேறிவிட்டது. மேடம் சிரிக்கக்கூட இல்லை, பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அய்யனார் கோவில் அருவிக்குக் கல்லூரி ஆசிரியர்கள் எல்லோரும் போயிருந்தபோதும் இதே கதைதான். முதல்வர் தண்ணீரில் கால் வைத்தார், வெடுக்கென்று எடுத்தார், மறுபடி வைத்துக்கொண்டு, "ஆகா, என்ன சொகம்," என்றார். "சார் வாய் ஒண்ணு சொல்லுது, காலு ஒண்ணு சொல்லுது," என்று மேடம் சொல்ல, முதல்வர் அன்று முழுக்க அவர் பக்கமே திரும்பவில்லை.

என்னையும் விடவில்லை. ஒரு ராஜபாளையம் நாய் என்னைச் சுவரோடு தள்ளியதில் தோள்பட்டை பிசகியிருந்தது. வெளியே சொன்னால் தொழிலுக்கு அசிங்கம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கல்லூரியின் எலிக்கூடத்துக்குப் போனேன். பதிவேட்டை நீட்டிய மேடம், நான் அதை இடது கையால் வாங்கியதைப் பார்த்தார்.

"எந்த மாடு சார்?"

"மாடு இல்ல, நாய்," என்று உண்மையைச் சொல்லும்படி ஆயிற்று. அவரே ஆட்டோ பிடித்து எலும்பு டாக்டரிடம் அனுப்பினார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு மனிதன் தன் வலியை மறைத்து வைத்துக்கொள்ளக்கூட அவர் எதிரில் இடமில்லை.

வலியை மறைப்பதில் என்னைவிடப் பெரிய ஆள் அவருடைய மாமனார். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். மகாராஜபுரத்தில் தென்னந்தோப்பு. அந்த ஊரில் பாதி வீடுகளில் சீருடைப் போட்டோ தொங்கும், வலிக்கிறது என்று ஒரு ஆண்பிள்ளை வாய் திறக்கமாட்டான். அவருடைய பசு கன்று ஈன முடியாமல் திணறியபோது நான் போயிருந்தேன். கன்று நல்லபடியாக விழுந்தது. கை கழுவிக்கொண்டிருந்தபோது மேடம் மாமனாரிடம் கேட்டார்.

"மாமா, காலுல என்ன?"

"ஒண்ணுமில்ல தாயி."

"எப்பயும் எடது செருப்பத்தான மொதல்ல மாட்டுவீக. ரெண்டு மூணு நாளா வலது செருப்ப மாட்டிட்டு, எடது செருப்ப மாட்டத் தயங்கி நிக்கிறீக."

"அட, நீ வேற. என்னத்தயாவது கண்டுபிடிச்சுக்கிட்டு."

"சரி மாமா. காலக் காட்டுங்க, நான் போயிருதேன்."

சுபேதார் என்னைப் பார்த்தார். நான் கன்றைப் பார்த்தேன். கடைசியில் காட்டினார். உள்ளங்காலில் முள் ஏறிச் சீழ் வைத்திருந்தது. அவருக்குச் சர்க்கரை நோய் வேறு. இன்னும் சில நாள் விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அவர் மருமகளுக்கு நன்றி சொல்லவில்லை. அடுத்த வாரம் என் கிளினிக்குக் கன்றைப் பற்றிக் கேட்க வந்தவர், "எம் மருமகட்ட பாத்து நடந்துக்கிடுங்க டாக்டரே, அந்தப் புள்ள கண்ணு ஒரு தினுசு," என்று எச்சரித்துவிட்டுப் போனார். அவர் குரலில் இருந்த பெருமையை நான் கவனித்தேன்.

சர்க்கரை நோய் முற்றியவர்கள் சிலருக்குக் குளிர்ந்த தரையில் கால் வைத்தாலே சுரீர் என்று இழுக்கும். அதற்குத்தான் மேடம் மருந்து தேடிக்கொண்டிருந்தார். மலையடிவாரத்தில் கிடைக்கும் ஒரு இலையின் சாறு. எலிகளுக்குச் சர்க்கரை நோயை வரவழைத்து, ஒரு பிரிவுக்குச் சாற்றைக் கொடுத்தார், இன்னொரு பிரிவுக்குக் கொடுக்கவில்லை. பிறகு இரண்டு பிரிவையும் தட்டில் விட்டுப் பார்த்தார். சாறு குடித்த எலிகள் குளிர்த்தட்டில் நன்றாகத் தாங்கின. சூட்டுத்தட்டில் தாங்கவில்லை, சொல்லப்போனால் மற்றவற்றைவிடச் சற்று முன்னாலேயே காலைத் தூக்கின. இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குளிர் வலிக்கு மட்டும் கேட்கிற மருந்து என்று துறைத்தலைவர் கூட்டம் போட்டுப் பேசினார். அவர்தான் மேடத்தின் ஆராய்ச்சி வழிகாட்டி.

மேடத்துக்கு இது எவ்வளவு முக்கியம் என்பது எல்லோருக்கும் தெரியும். பல்கலைக்கழகம் கடைசி அவகாசம் கொடுத்திருந்தது. பட்டம் வாங்காத ஆசிரியர்களை வரும் கல்வியாண்டில் வைத்துக்கொள்வதற்கில்லை என்று நிர்வாகமும் சொல்லிவிட்டது. இன்னும் கொஞ்சம் அளவுகள் எடுத்துவிட்டால் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம் என்ற நிலைமை.

அந்த நேரம் பார்த்து அவர் மகனுக்கு அம்மை போட்டது. அம்மை கண்ட வீட்டில் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை தாய் வெளியே போகமாட்டாள். மருந்தியல் படித்திருந்தாலும் மேடமும் வாசலில் வேப்பிலை கட்டிவிட்டு வீட்டிலேயே இருந்தார். அளவெடுக்கும் வேலையை ஜெசிந்தா டீச்சரிடம் ஒப்படைத்தார்.

ஜெசிந்தா டீச்சர் அதே துறையில் வேலை பார்ப்பவர், ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. நல்ல கெட்டிக்காரி. ஆனால் எலியைத் தொடப் பயம். கையுறை மேல் கையுறை போட்டுக்கொண்டு, கூண்டைத் தள்ளுவண்டியில் வைத்துத் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, கடைசி நிமிடத்தில் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு எலியை எடுத்துத் தட்டில் விடுவார். அவர் எடுத்த அளவுகளில் சாறு குடித்த எலிக்கும் குடிக்காத எலிக்கும் வித்தியாசமே இல்லை.

மேடம் திரும்பி வந்து இரண்டு பேர் அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். துறைத்தலைவர் முந்திக்கொண்டார்.

"இவங்க பயத்துல எலியும் பயந்துருக்கும்மா. இத விட்டுருங்க. நீங்க எடுத்தத வச்சு எழுதுங்க. அம்புட்டும் கச்சிதமா இருக்கு."

ஜெசிந்தா டீச்சர் அழுதுவிட்டார். மேடம் அவரைக் கேன்டீனுக்கு அழைத்துப்போய் வடை வாங்கிக் கொடுத்தார். பிறகு எனக்குப் போன் செய்தார்.

"நாளைக்கு வாரீங்களா சார்? நான் அளவெடுக்கணும். நீங்க ஒக்காந்து பாக்கணும்."

"எலிக்கு என்ன?"

"எலியப் பாக்க வேணாம். என்னையப் பாருங்க."

மறுநாள் போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். கல்லூரியில் இடப் பற்றாக்குறை. சாறு குடிக்காத எலிகளின் கூண்டுகள் தட்டு இருந்த அறையிலேயே இருந்தன. சாறு குடித்தவை வராந்தாவின் கடைசி அறையில். மேடம் போவார், ஒரு எலியை எடுப்பார், இரண்டு கையையும் குழித்து அதன் நான்கு காலையும் உள்ளங்கையில் அடக்கி, வயிற்றோடு சேர்த்து அணைத்தபடி மெதுவாக நடந்து வருவார். எலி அசையாது. சில எலிகள் தூங்கிக்கூடப் போகும். காலைப் பொத்தி வைத்தால் எலி பயப்படாது என்பது அவர் தானாகக் கண்டுபிடித்த வழி. மிரண்ட எலியிடம் வலியை அளக்கக் கூடாது என்று எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. அவர் அதைத்தான் செய்தார். எனக்கு உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு வலித்தது.

"என்ன சார் பாத்தீங்க?"

"ஒரு தப்பும் இல்ல மேடம். எல்லா எலியையும் ஒரே மாதிரிதான் தூக்குறீங்க. என்ன, கடைசி ரூம் எலிகளுக்குச் செத்த நேரம் கூடுதலா சொகுசு. அம்புட்டுதான்."

எரிச்சலில், கிண்டலாகத்தான் சொன்னேன். மேடம் அறையின் நடுவில் அப்படியே நின்றுவிட்டார். கையிலிருந்த எலியைக் கூண்டில் விட்டார். தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"தொட்டுப் பாருங்க சார்."

தொட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய இட்லிபோல் கதகதவென்று இருந்தது. அவருக்கு உடம்பு வாகு அப்படி. மெல்லிய கம்பி முனையுள்ள ஒரு தெர்மாமீட்டரை எடுத்துவந்து, எலிகளின் உள்ளங்காலில் வைத்து வைத்துப் பார்த்தோம். பக்கத்திலிருந்து எடுத்த எலியின் காலைவிட, வராந்தா முழுக்க அவர் கையில் வந்த எலியின் கால் நன்றாகவே சூடேறியிருந்தது. சூடான காலோடு குளிர்த்தட்டில் இறங்கினால் யார்தான் தாங்கமாட்டார்கள்? அதே காலோடு சூட்டுத்தட்டில் இறங்கினால் சீக்கிரமே சுடத்தானே செய்யும்? குளிருக்கு மட்டும் கேட்ட மருந்து எது என்று எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது.

எனக்கு அந்த இடத்தில் அழுகை வரப் பார்த்தது. அவ்வளவு பெரிய உழைப்பு, அவருடைய அன்பாலேயே கெட்டுப்போயிருந்தது. மேடம் என்னைப் பார்த்துவிட்டு, "மூக்கச் சிந்திட்டு வாங்க சார், வேல கெடக்கு," என்றார்.

மறுபடி முதலிலிருந்து எலிகள் வேண்டும் என்று கமிட்டிக்கு எழுதினார். நல்லபடியாக வந்த முடிவை எதற்காகக் கலைக்க வேண்டும் என்று துறைத்தலைவர் குதித்தார். அவகாசம் முடியப்போகிறது, வேலை போய்விடும் என்று பயமுறுத்தினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மேடம் சொன்னார்.

"சார், இத நம்பி ஒருத்தரு காலுக்கு மருந்து குடிப்பாரு. அவரு கால நானா பொத்திட்டு ஒக்காந்திருக்க முடியும்?"

கமிட்டியில் நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு பிரிவுக் கூண்டுகளையும் ஒரே அறையில் ஒன்றுவிட்டு ஒன்றாக வைத்தார்கள். எலிகள் தள்ளுவண்டியில் வந்தன. மேடமும் ஜெசிந்தா டீச்சரும் மாறி மாறி அளந்தார்கள். மேடம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் நடப்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். எலியைத் தூக்கக் கை பரபரக்கும். அவகாசம் முடிவதற்குள் வேலை முடிந்தது. சாற்றால் ஒரு பயனும் இல்லை என்று தெளிவாகத் தெரிந்தது. அதை அப்படியே எழுதி, கைச்சூட்டைப் பற்றி ஒரு அத்தியாயமும் சேர்த்து, ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டார்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பெரிய பேராசிரியர் வந்தார். குளிர் வலியில் பேர் போனவர், பாதிப் புத்தகங்களில் அவர் ஆய்வுகளைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. அரங்கில் நானும் உட்கார்ந்திருந்தேன். பின் வரிசையில் சுபேதார் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மேடம் தான் செய்த தவறை முதலில் காட்டினார், அதன் பிறகு திருத்திய அளவுகளைக் காட்டினார்.

பேராசிரியர் ஆய்வேட்டை மூடி வைத்தார்.

"மருந்து வேல செய்யலன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்போ இத்தனை வருசத்துல நீங்க கண்டுபிடிச்சதுதான் என்னம்மா?"

மேடம் தயங்கவே இல்லை.

"எங் கை சூடா இருக்குன்னு கண்டுபிடிச்சேன் சார்."

அரங்கமே சிரித்தது. துறைத்தலைவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. வராந்தா எவ்வளவு நீளம், எவ்வளவு மெதுவாக நடப்பீர்கள், காலை மட்டும் பொத்துவீர்களா உடம்பையுமா என்று வரிசையாகக் கேட்டார். மேடம் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார். கடைசியில் எழுந்து, பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். சுபேதார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை என்று என்னிடம் சொன்னார்.

சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது பேராசிரியரைக் காணோம். நானும் மேடமும் தேடிக்கொண்டு போனோம். வராந்தா ஓரத்தில் நின்று யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தார். "நம்ம மருந்து எலிகள எந்த ரேக்குல வைக்கிறீங்க? கையில தூக்கிட்டா வர்றீங்க, கூண்டோடயா?" என்று கேட்டது காதில் விழுந்தது. பதிலைக் கேட்டுவிட்டுப் போனை அணைத்தார். ஒரு கால் ஷூவிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது, அது அவருக்கே தெரியவில்லை.

எனக்குள் ஒரு அற்பச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அத்தனை பேர் முன்னால் மேடத்தை மடக்கிக் கேட்டவர்தானே, கொஞ்சம் தவிக்கட்டும் என்று நினைத்தேன். மேடம் அதற்குள் அவர் பக்கத்தில் போய்விட்டார்.

"சார், பதறாதீங்க. எல்லார் கையும் எங் கை மாதிரி இருக்காது. ஒங்க கையக் காட்டுங்க."

அவ்வளவு பெரிய மனிதர் சின்னப் பிள்ளைபோல் கையை நீட்டினார். மேடம் தொட்டுப் பார்த்தார்.

"சில்லுன்னுதான் சார் இருக்கு. ஒங்க ஆராய்ச்சிக்கு ஒண்ணும் ஆயிருக்காது."

பேராசிரியர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"எலியத் தூக்குனது நான் இல்லம்மா. இத்தனை வருசமா என் ஸ்டூடண்ட்ஸ்தான் தூக்குறாங்க."

"அப்ப ஊருக்குப் போயி அவங்க கைய ஒரு தடவ பிடிச்சுப் பாருங்க சார்," என்றார் மேடம்.